வீட்டில் சின்னதாய் ஒரு கடல் மீன் தொட்டி: சென்னை வெயிலில் ஆரம்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு வருடமாக ஒரு கடல் மீன் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் காபி ஆறும்வரை பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் முக்கால்வாசி குளிர் நாட்டில் உட்கார்ந்து சொன்னவை. ஹீட்டர் வாங்கு என்பார்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக்கொள் என்பார்கள், லைவ் ராக் (பவளப்பாறைத் துண்டு) பத்து கிலோ போடு என்பார்கள். சென்னையில் முதலாவது தேவையே இல்லை, இரண்டாவது நடக்காது, மூன்றாவது உங்களை வனத்துறையிடம் மாட்டிவிடும்.

நன்னீர் மீனே வளர்த்ததில்லை. நேராகக் கடல் மீனுக்கு வரலாமா?

வரலாம். கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்த்த அனுபவம் கொஞ்சம் உதவும், ஆனால் அதுவே சில சமயம் கெடுதல், ஏனென்றால் "தொட்டி வாங்கினோம், தண்ணீர் ஊற்றினோம், மறுநாள் மீன் விட்டோம்" என்ற பழக்கம் கையோடு வந்துவிடும். ஒன்றும் தெரியாமல் வருகிறவர் சொன்னதைச் செய்வார்.

எவ்வளவு பெரிய தொட்டி?

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 127 லிட்டர் வரும், கல்லும் மணலும் போட்டு மேலே இரண்டு விரல் இடம் விட்டால் உண்மையில் நிற்கிற தண்ணீர் 100 லிட்டர்தான். இந்தப் பக்கத்தில் சொல்லும் அளவெல்லாம் இந்த 100 லிட்டருக்குத்தான்.

மேசை மேல் வைக்கிற 20 லிட்டர் நானோ தொட்டி அழகாக இருக்கும், விலையும் குறைவு, அதனால் எல்லோரும் அதில்தான் போய் விழுகிறார்கள். ஆனால் தண்ணீர் குறையக் குறைய நம் தவறுக்கான தண்டனை கூடும். ஒரு சிட்டிகை தீவனம் கூடுதலாகப் போட்டால் 100 லிட்டரில் ஒன்றும் தெரியாது, 20 லிட்டரில் மறுநாள் காலை அமோனியா என்ற விஷம் ஏறியிருக்கும். மே மாத மதியத்தில் 20 லிட்டர் சீக்கிரமே சூடாகும், 100 லிட்டர் நிதானமாகச் சூடாகும், மீனுக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

கண்ணாடி 8 மி.மீ. கேளுங்கள். ஒரு லிட்டர் கடல் நீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதனால் கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 170 கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்டு மேல் வைக்கவே கூடாது. ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவரோரம் பாருங்கள்.

மெரினா பக்கத்திலேயே இருக்கிறேன். கடல் தண்ணீரையே பிடித்து வந்தால் என்ன?

இதைக் கேட்காத ஆளே கிடையாது. கூவமும் அடையாறும் வந்து கலக்கிற கரை அது. மழை பெய்து முகத்துவாரம் திறந்தால் கரையோரத் தண்ணீரின் உப்பே குறைந்துவிடும், அதோடு ஊர்ச் சாக்கடையும் வரும். சுத்தமான ஆழ்கடல் தண்ணீர் கிடைத்தால் அது வேறு விஷயம். படகில் போய் எடுத்து வரச்செய்து, வடிகட்டி, இருட்டில் சில வாரம் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான தண்ணீர் வேண்டும், அதைப் பாக்கெட் மரைன் சால்ட்தான் கொடுக்கும்.

சமையல் உப்பு, கல் உப்பு?

வேண்டாம். அது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டும்தான். கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பை-கார்பனேட் எல்லாம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. ரெட் சீ, இன்ஸ்டன்ட் ஓஷன், அக்வாஃபாரஸ்ட் போன்ற எந்த மரைன் சால்ட்டும் போதும். பிராண்டு சண்டையில் இறங்காதீர்கள்.

அதை எந்தத் தண்ணீரில் கலக்க வேண்டும்?

ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீர் கூடாது. சென்னையில் கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுகிறது, இரும்பும் சேர்ந்து வரும். மெட்ரோ வாட்டரில் குளோரின். கேன் தண்ணீர் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி.

வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிக்க ருசியாக இருப்பதற்காக, வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு ஒன்று உள்ளே இருக்கும், சிலதில் தாது சேர்க்கும் குழாய் வேறு. அதனால்தான் ஆர்.ஓ. என்று சொல்லிவிட்டு டி.டி.எஸ். மீட்டர் 60, 80 காட்டும். மெக்கானிக்கிடம் சொல்லி மெம்பிரேனிலிருந்து (வடிகட்டும் சவ்வு) நேராக வரும் தண்ணீருக்குத் தனியாக ஒரு கிளைக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், அதன் முனையில் மிச்ச உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று மாட்டினால் மீட்டர் 0 காட்டும். எதற்கு இவ்வளவு என்றால், தண்ணீரோடு வரும் சிலிக்கேட், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் பாசிக்குச் சோறு. பிறகு ஆறு மாதம் பாசியோடு மல்லுக்கட்டுவதை விட இப்போதே குழாய் மாட்டிவிடலாம். கீசர் தண்ணீரைத் தொடவே வேண்டாம், உள்ளே செம்பு இருக்கலாம், இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம்.

உப்பு எவ்வளவு? நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

நாக்கு பொய் சொல்லும். வேண்டியது 35 பி.பி.டி., அதாவது ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு, அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.025 அல்லது 1.026. பாக்கெட் உப்பில் ஈரமும் இருப்பதால் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை ஆகும், 100 லிட்டருக்கு மூன்றே முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு துளி விட்டு, கண்ணில் வைத்து உப்பின் அளவைப் பார்க்கும் குழல்) வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டால் போதும், கணக்கு தப்பிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரை வைத்து 0 பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள், 35 பி.பி.டி. என்று விற்கும் அளவுத் திரவத்தை ஒரு துளி விட்டுச் சரி பாருங்கள். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு, உள்ளே ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு இரவு முழுக்கச் சுற்றவிடுங்கள். உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். மீன் இருக்கிற தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

லைவ் ராக் எங்கே கிடைக்கும்? ராமேஸ்வரம் போனால் கல் கொண்டு வரலாமா?

கூடாது, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் லைவ் ராக் என்று காட்டுவது பவளப்பாறைத் துண்டு. அதன் ஓட்டைகளுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் தொட்டியின் உண்மையான ஃபில்டர். அங்கே அதைக் கடையில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். இங்கே, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-லிருந்து பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன, கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் எல்லாமும். முதல் அட்டவணை என்றால் புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. உயிரோடு இருப்பதா செத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை, கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைக் கல்லாக இருந்தாலும் அது பவளம்தான்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அங்கே பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனதும் மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. வரைபடத்தில் பெயர் இருக்கிறது, நிற்க இடம் இல்லை. கூடத்து மூலையில் வைக்க அங்கிருந்து ஒரு கல் வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்று இருக்கிறது. மீன் கடைகளில் செராமிக் கல் கிடைக்கும், ஓட்டை ஓட்டையாக, எடை குறைவாக. பாக்டீரியாவுக்கு ஓட்டைதான் முக்கியம், அது எந்தக் கல் என்று அதற்குத் தெரியாது. சிலர் சிமென்டில் தாங்களே வார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காரம் இறங்கிய பிறகே பயன்படுத்துங்கள். 100 லிட்டருக்கு எட்டுப் பத்து கிலோ கல், பின்கண்ணாடியில் ஒட்டாமல், நடுவே தண்ணீர் ஓட இடம் விட்டு அடுக்குங்கள். மணல் கொட்டுவதற்கு முன் கல்லை அடுக்குங்கள், இல்லையென்றால் மணலைத் தோண்டும் மீன் ஒரு நாள் கல்லைச் சரித்துவிடும்.

மணலுக்கு அரகோனைட் (ஒரு வகைச் சுண்ணாம்பு மணல்) என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம்.

மோட்டார், ஃபில்டர், ஸ்கிம்மர், லைட் என்று பெரிய பட்டியல் தருகிறார்களே, எல்லாம் வேண்டுமா?

தண்ணீரைத் தள்ளிவிட ஒரு வேவ் மேக்கர், ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர் (தொட்டி விளிம்பில் தொங்குவது) அல்லது சின்ன கேனிஸ்டர் (வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்), சாதாரண எல்.இ.டி. லைட், ஒரு தெர்மாமீட்டர். மீன் மட்டும் வளர்க்க இது போதும். வேவ் மேக்கரை மேற்பரப்பு சலசலக்கும்படி திருப்பி வையுங்கள், ஆக்ஸிஜன் அங்கேதான் உள்ளே போகிறது. வாரா வாரம் தண்ணீர் மாற்றுவீர்கள் என்றால் இந்த அளவுக்கு ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) இல்லாமலே ஓட்டலாம். நான் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று ஆர்.சி.சி.பி., மின்கசிவு வந்தால் தானே அணைகிற, நம் வீடுகளில் இ.எல்.சி.பி. என்று சொல்கிற அந்த ஸ்விட்ச். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டி விளிம்பிலும் ஒயரிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும், அது மெல்ல மெல்ல பிளக் வரை ஊர்ந்து போகும். ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளையம் போலத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழிகிற தண்ணீர் அந்த வளையத்திலிருந்து கீழே சொட்டிவிடும். கையை உள்ளே விடும்போது ஸ்விட்சை அணையுங்கள்.

தண்ணீர் தயார். மீன் எப்போது விடலாம்?

நாலு முதல் ஆறு வாரம் கழித்து. இந்த இடத்தில்தான் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள். நானும் தோற்றேன், மூன்றாம் நாளே இரண்டு நீல டாம்சல் மீன்களை விட்டு, பத்தாம் நாள் இரண்டையும் எடுத்துச் செடிக்கு அடியில் புதைத்தேன்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், அது செவுளை எரிக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் போதிய அளவு இருக்காது. கடல் நீரின் பி.எச். (அமில, கார அளவு) 8.1, 8.2 என்று இருப்பதாலும் நம் ஊர்ச் சூட்டாலும் அதே அளவு அமோனியா நன்னீர்த் தொட்டியை விட இங்கே அதிகம் கடிக்கும்.

அதனால் மீன் இல்லாமலே அமோனியாவைக் கொடுத்து பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். அமோனியம் குளோரைடு சொட்டு மருந்து கிடைத்தால் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு விடுங்கள். கிடைக்காவிட்டால் மீன்காரம்மாவிடம் ஒரே ஒரு இறால் வாங்கி (ஒன்று மட்டும் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார், பரவாயில்லை) பழைய ஸ்டாக்கிங் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நாறும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் சீக்கிரம் ஆகலாம், ஆனால் பாட்டில் வெயிலில் கிடந்து வந்ததா என்று நமக்குத் தெரியாது.

முடிந்ததா என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டெஸ்ட் கிட்டைப் பாருங்கள். 2 பி.பி.எம். அமோனியா போட்டு 24 மணி நேரத்தில் அமோனியாவும் 0, நைட்ரைட்டும் 0 என்று காட்டினால் முடிந்தது. பெரிதாக ஒரு முறை தண்ணீர் மாற்றிவிட்டு முதல் மீனை வாங்கப் போகலாம்.

ஹீட்டர் வேண்டாம் என்றீர்கள். வெயிலுக்கு என்ன செய்வது?

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு ஹீட்டர் வேண்டும், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மார்கழியில் தேவைப்படலாம். சென்னையில் நம் எதிரி கத்திரி வெயில். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது, 28 வரை கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

"கடலே மே மாதத்தில் 30 டிகிரிதானே" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான், ஆனால் கடலில் அலை இருக்கிறது, மீன் ஆழத்துக்குப் போகலாம். தொட்டியில் எங்கே போகும்? சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரிக் கடல் நீரில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் என்றால் 30 டிகிரியில் 6.2 தான். அதே சமயம் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். கடலிலேயே 2010-லும் 2016-லும் தண்ணீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன, ஆகவே கடல் தாங்குகிறது என்பதும் முழு உண்மை இல்லை.

முதல் வழி, தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும்படி ஒரு சின்ன ஃபேன். ஆவியாகிப் போகிற தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு இறங்காது. இரண்டாவது, லைட்டைப் பகலில் போடாமல் மாலை 4 மணியிலிருந்து இரவு 11 வரை போடுங்கள். சூடும் குறையும், வேலையிலிருந்து வந்து பார்க்க நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். மூன்றாவது, ஏ.சி. அறை. கடைசியாகத்தான் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), அது மற்ற எல்லா சாமானையும் சேர்த்த விலைக்கு வந்துவிடும். ஒரு கோடையை ஃபேனோடு கடந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

ஃபேன் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு தினமும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். ஐந்து நாள் விட்டு 10 லிட்டர் குறைந்தால் 35 பி.பி.டி. கிட்டத்தட்ட 39 ஆகிவிடும்.

சரி, என்ன மீன்?

இரண்டு கிளவுன் மீன் (கடையில் "நீமோ" என்பார்கள்), ஒரு ஃபயர் ஃபிஷ் அல்லது ஒரு கோபி, ஒரு கிளீனர் இறால், ஐந்தாறு நத்தை. 100 லிட்டருக்கு அவ்வளவுதான். காலியாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்றட்டும்.

கிளவுனைத் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் கிளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் ஊரிலேயே செய்து காட்டியிருக்கின்றன, இது வெளிநாட்டு வித்தை ஒன்றுமில்லை. தொட்டியில் பிறந்தது தீவனத்துக்குப் பழகியிருக்கும், நோய் குறைவு. கடலில் பிடித்தது எப்படிப் பிடிக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது, தென்கிழக்காசியாவில் சயனைடு அடித்து மீன் பிடிக்கும் வழக்கம் பல காலமாக உண்டு.

ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக வாங்குங்கள். கிளவுன் எல்லாம் ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும், ஜோடியில் வலுத்தது பெண்ணாக மாறும், மற்றது ஆணாகவே நிற்கும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்று தீரும்வரை அடிதடி. நல்லபடி வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபயர் ஃபிஷ் துள்ளும். மேலே வலை மூடி போடுங்கள், கண்ணாடி மூடி போட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

அனிமோன் இல்லாமல் கிளவுன் இருக்குமா?

இருக்கும். கடலில் அதற்குப் பாதுகாப்பு வேண்டும், தொட்டியில் அதைத் துரத்த யாருமில்லை. எங்கள் வீட்டு ஜோடி வேவ் மேக்கருக்குப் பின்னால் ஒரு மூலையில் குடித்தனம் நடத்துகிறது. அனிமோனுக்கு (கடல் சாமந்தி என்பார்கள்) பலமான லைட்டும் ஒரு வருடமாவது ஓடிய தொட்டியும் வேண்டும். அது நகர்ந்து போய் மோட்டாரில் சிக்கினால் தொட்டி முழுதும் போய்விடும்.

டோரி? கடல் குதிரை? மாண்டரின்?

டோரி என்கிற நீல டாங் ஓரடி வரை வளரும், இரண்டடித் தொட்டியில் அதை விடுவது குதிரையைக் கழிப்பறையில் கட்டுவது மாதிரி. கடல் குதிரையும் கடல் அட்டையும் அதே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாண்டரின் மீன் கல்லில் ஊரும் நுண்ணிய பூச்சிகளைத் தின்று வாழ்வது, புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். நீல டாம்சல் மலிவு, சாகாது என்று சொல்லித் தருவார்கள், பிழைத்தால் பிறகு வரும் எல்லா மீனையும் அது கடிக்கும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் நன்னீர். கடல் மீன் வைத்திருக்கும் கடையைத் தேடிப் பிடித்ததும் அன்றே வாங்காதீர்கள். மீனுக்குச் சாப்பாடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சாப்பிடாத மீன் வேண்டாம். வயிறு ஒட்டியது, வேகமாக மூச்சு விடுவது, கல்லில் உரசுவது எதுவும் வேண்டாம். கூடவே ஒரு கேள்வி: "உங்கள் தண்ணீர் எத்தனை பி.பி.டி.?" பல கடைகளில் உப்புச் செலவுக்காகவும் ஒட்டுண்ணி குறையவும் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். உங்கள் 35-இல் அதை நேராக விட்டால் மீனுக்கு அதிர்ச்சி.

என் வழி இது. ஒரு 30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் ஏர் பம்ப், ஏற்கெனவே பெரிய தொட்டியில் ஊறிய ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. அந்தத் தண்ணீரைக் கடையின் உப்பு அளவுக்கே வைத்து, பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுவேன், பைத் தண்ணீர் சாக்கடைக்கு. பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கலப்பது தூரத்திலிருந்து வந்த மீனுக்கு ஆபத்து, ஏனென்றால் பை திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை சாதுவாக இருந்த அமோனியா விஷமாகும். டப்பாவில் நாலு வாரம் வைத்துப் பார்த்து, தினம் கொஞ்சம் உப்பை ஏற்றி, நோயில்லை என்றால் பெரிய தொட்டிக்கு.

உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது!

ரவை தூவியது போலத் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. இரண்டு நாளில் புள்ளி மறையும், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம், உண்மையில் அது மணலில் விழுந்து கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருக்கும், அடுத்த முறை நூறாக வரும். மீன்கள் எல்லாவற்றையும் டப்பாவுக்கு மாற்றி அங்கே செம்பு மருந்து, லேபிளில் சொன்ன அளவுக்கு, செம்பு டெஸ்ட் கிட்டோடு. பெரிய தொட்டியை ஆறிலிருந்து பதினோரு வாரம் மீன் இல்லாமல் விட்டால் ஒட்டுண்ணி செத்துவிடும். பெரிய தொட்டிக்குள் செம்பு ஊற்றாதீர்கள், கல் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அங்கே இறால் வாழாது. பவுடர் பூசியது போல மெல்லிய படலமும் மூச்சு வாங்கலும் இருந்தால் அது வெல்வெட், இரண்டொரு நாளில் தொட்டியையே காலி செய்யும், அன்றைக்கே மாற்றுங்கள்.

கல்லெல்லாம் பழுப்பாகிவிட்டதே?

டயட்டம். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், சில வாரத்தில் போகும். மருந்து ஊற்றாதீர்கள்.

கரண்ட் போனால்?

ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் என்றால் ஆக்ஸிஜன்தான் முதல் பிரச்சினை. 5 வாட் வேவ் மேக்கரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள், மற்றவை காத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் 40 மணி நேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் முதல் இரவோடு செத்துவிட்டது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் டார்ச்சுக்கு வாங்கி வைத்திருந்த செல்களும்தான் மீன்களைக் காப்பாற்றின. அந்த இரண்டு நாளும் தீவனம் போடவில்லை. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

ஊருக்குப் போனால்?

நல்ல மீன் நாலைந்து நாள் சாப்பிடாமல் இருக்கும், பட்டினியால் செத்ததை விடப் பக்கத்து வீட்டுக்காரர் அள்ளிப்போட்டுச் செத்ததுதான் அதிகம். ஆவியாகும் தண்ணீரைத்தான் யாராவது ஊற்ற வேண்டும். ஒரு சித்திரையில் கோயில் கொடைக்கு திருநெல்வேலி போனபோது எதிர் வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து "கேன்ல இருக்கிற தண்ணிய ஊத்துடா தம்பி" என்றேன். கேன் இரண்டு இருந்தது. அவன் தினமும் ஒழுங்காக, சிரத்தையாக, உப்புத் தண்ணீர்க் கேனிலிருந்து ஊற்றியிருக்கிறான். திரும்பி வந்தபோது உப்பு 41 பி.பி.டி. இறால் போய்விட்டது, மீன்கள் தப்பின. நான் செய்த சரியான காரியம், ஒரே நாளில் இறக்காமல் நாலு நாளில் இறக்கியது. இப்போது உப்புக் கேனுக்குச் சிவப்பு மூடி.

மாதச் செலவு எவ்வளவு?

உப்பு: வாரம் 10 லிட்டர் மாற்றினால் 360 கிராம், மாதம் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். கரண்ட்: ஃபில்டர், வேவ் மேக்கர், ஃபேன் மூன்றும் சேர்ந்து 27 வாட் என்றால் மாதம் 20 யூனிட்டுக்குள், லைட்டுக்கு ஆறு யூனிட். இரண்டு மாத பில்லில் 50 யூனிட் அளவுக்குக் கூடும். சில்லர் வைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். தீவனச் செலவு ஒன்றும் பெரிதில்லை. வேலை என்று பார்த்தால் தினம் ஐந்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், கூடவே ஈரமான பனியன்.

மிச்சம் பிடிக்கத் தோன்றினால் லைட்டில் பிடியுங்கள், ஸ்டாண்டில் பிடியுங்கள் (ஆனால் கனத்தைத் தாங்க வேண்டும்), மீனின் எண்ணிக்கையில் பிடியுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரிலும் டெஸ்ட் கிட்டிலும் பிடிக்காதீர்கள்.

முடியவில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றினால் மீனைக் கடலில் விட்டுவிடலாமா?

கூடாது. அந்த மீன் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம், அதன் உடம்பில் என்ன ஒட்டுண்ணி இருக்கிறது என்று தெரியாது. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த லயன் ஃபிஷ், வளர்த்தவர்கள் விட்டதால்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் புகுந்ததாகக் கருதப்படுகிறது. 1980-களில் அங்கே தென்பட ஆரம்பித்தது, இன்று கரீபியன் முழுக்கப் பரவி உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், காசு எதிர்பார்க்காதீர்கள். இல்லையென்றால் வேறு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அம்மாவின் கறிவேப்பிலைச் செடி ஒன்று எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.